அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் 3+4=7 என்று இருக்கிறது. பத்துக்கு ஏழா?

திருப்பூர்_மகள் (சனிக்கிழமை, இரவு 10:40)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இதுவரை படித்துவிட்டுப் போவதோடு சரி, எழுதியதில்லை. இன்றைக்கு வேறு வழி தெரியவில்லை.

அப்பாவுக்கு 67 வயது. அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு மூன்று வருடமாகவே ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போவார். போன வருடம் யூராலஜி டாக்டரிடம் கூட்டிப் போனோம். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது என்று சொல்லி, டாம்சுலோசினும் டூட்டாஸ்டிரைடும் சேர்ந்த மாத்திரை கொடுத்தார். அதில் நன்றாகவே இருந்தார்.

இந்தத் தடவை ரத்தத்தில் பிஎஸ்ஏ, அதாவது புரோஸ்டேட் விடுகிற ஒரு புரதத்தின் அளவு, 4.3 வந்தது. லேப் தாளில் 4 வரை நார்மல் என்று அச்சடித்திருக்கிறது. பாயின்ட் மூன்றுதானே அதிகம் என்று நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் மட்டும் "இதை 8.6 என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி எம்ஆர்ஐ எழுதினார். டெஸ்ட் எழுதுவதற்காகக் கூட்டிச் சொல்கிறாரோ என்றுகூட நினைத்தேன். எம்ஆர்ஐயில் இடது பக்கம் 11 மில்லிமீட்டரில் ஏதோ தெரிகிறது, பைராட்ஸ் 4, அதாவது சந்தேகம் ஐந்துக்கு நாலு, என்று வந்தது. பத்து நாளைக்கு முன்னால் பயாப்ஸிக்காகச் சதை எடுத்தார்கள்.

ரிப்போர்ட் இன்று சாயங்காலம் வாட்ஸாப்பில் வந்தது. டாக்டரைத் திங்கள்கிழமைதான் பார்க்க முடியும். அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: மொத்தம் 14 துண்டு, நான்கில் அடினோகார்சினோமா, அதாவது கேன்சர். கிளீசன் 3+4=7. பேட்டர்ன் 4 என்பது 15 சதவீதம். கிரேடு குரூப் 2. அதிகபட்சம் ஒரு துண்டில் 40 சதவீதம். பெரிநியூரல் இன்வேஷன் காணப்படுகிறது. வலது பக்கம் ஒரு துண்டில் ஹை கிரேடு பின்.

என் தம்பி பார்த்துவிட்டு "பத்துக்கு ஏழு, முற்றிவிட்டது" என்கிறான். அம்மா குரூப் 2 என்பதை இரண்டாவது ஸ்டேஜ் என்று எடுத்துக்கொண்டு அழுகிறாள். நியூரல் என்றால் நரம்பு. நரம்பில் ஏறினால் மூளைக்குப் போய்விடுமா? அப்பா எதுவும் கேட்கவில்லை. "எத்தனை மார்க்?" என்று மட்டும் கேட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார். அவருக்கு நான் என்ன சொல்வது?

நாட்டுமருந்து_நண்பன் (சனிக்கிழமை, இரவு 11:05)

ஊசி குத்தவே விட்டிருக்கக் கூடாது சகோதரி. அமைதியாக இருந்த கட்டியைக் குத்தினால் பரவும். இனிமேலாவது மேற்கொண்டு எதையும் செய்ய விடாதீர்கள்.

முன்னாள்_போஸ்ட்மாஸ்டர் (ஞாயிற்றுக்கிழமை, காலை 5:20)

அம்மா, முதலில் ஒரு காபி குடித்துவிட்டு இதைப் படியுங்கள். எனக்கு 71 வயது, மதுரைப் பக்கம். 2019 ஆகஸ்ட்டில் இதே மாதிரி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் நான். எந்த பஸ்ஸில் ஏறவேண்டும் என்பது மறந்துபோயிருந்தது. அதனால் உங்கள் வீட்டு நிலவரம் எனக்குத் தெரியும்.

தம்பிக்குச் சொல்லுங்கள், அது பத்துக்கு ஏழு இல்லை. இந்தக் கணக்கு இப்போது நடைமுறையில் 6-ல்தான் தொடங்குகிறது. 6, 7, 8, 9, 10. இவை ஐந்து படிகளாகப் பிரியும்: 6 முதல் படி, 7 மட்டும் இரண்டு படி, 8 நாலாவது, 9-ம் 10-ம் சேர்ந்து ஐந்தாவது. அதில் 7 என்பது இரண்டாவது படி, அல்லது மூன்றாவது படி. எது என்று கூட்டலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 3+4 என்றால் இரண்டாவது, 4+3 என்றால் மூன்றாவது. பள்ளிக்கூடக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான், இங்கே இல்லை. இந்தக் குழப்பத்தால் எல்லோரும் பயந்து போகிறார்கள் என்றுதான் 2014-ல் நோய்க்கூறு நிபுணர்கள் கூடி ஒன்றிலிருந்து ஐந்து வரை கிரேடு குரூப் என்று புதிதாகப் பிரித்தார்கள். உங்கள் அப்பாவுடையது 2. அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள்: கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. கிரேடு என்பது அந்தச் செல்கள் எப்படிப்பட்டவை, எவ்வளவு முரட்டுத்தனமானவை என்பது. ஸ்டேஜ் என்பது அவை எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்பது. இந்தத் தாளில் ஸ்டேஜ் இல்லவே இல்லை. டாக்டர் கை வைத்துப் பார்த்தது, எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் ஸ்கேன், எல்லாவற்றையும் வைத்து அவர் சொல்லவேண்டியது அது.

அடுத்து அந்த 4.3. உங்கள் டாக்டர் கூட்டிச் சொல்லவில்லை அம்மா, சரியாகச் சொல்லியிருக்கிறார். டூட்டாஸ்டிரைடு ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். அதனால் வருகிற எண்ணை இரட்டிப்பாக்கிப் படிக்கவேண்டும். லேப் தாளுக்கு உங்கள் அப்பா என்ன மாத்திரை போடுகிறார் என்று தெரியாது, அது எல்லோருக்கும் ஒரே 4-ஐ அச்சடிக்கிறது. மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் எடுத்த பழைய எண் பீரோவில் எங்காவது இருக்கும். தேடிப் பாருங்கள். என்னுடைய சந்தேகம் ஒன்று இருக்கிறது, எண்ணைப் பார்த்தபிறகு சொல்கிறேன்.

மேலே நண்பர் எழுதியதற்கு. புரோஸ்டேட்டில் ஊசி போன வழியே கட்டி பரவுவது மிக மிக அரிது. இந்தப் பயத்தில் சதை எடுக்காமலே நாலு வருடம் ஓட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் கதையை இங்கே எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

என் கதை இது. 2019-ல் பிஎஸ்ஏ 6.8. அப்போது எனக்கு ஆசனவாய் வழியாகத்தான் எடுத்தார்கள். முந்தின நாளே ஆன்டிபயாடிக், காலையில் குடலைச் சுத்தம் செய்ய எனிமா. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்று டாக்டரைக் கேட்டுத்தான் செய்யவேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கச் சொன்னார்கள். ஒரு குழாயை உள்ளே விட்டார்கள், ஜெல்லி சில்லென்று இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டார்கள், அதுதான் கொஞ்சம் வலித்தது. அப்புறம் 'டக்'. ஒரு துண்டு. மறுபடி 'டக்'. முப்பத்தாறு வருடம் தபாலில் முத்திரை குத்தியவன் நான், இப்படி என் மேலேயே குத்துவார்கள் என்று நினைத்ததில்லை. பன்னிரண்டு குத்து எண்ணினேன். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. வலியைவிடக் கூச்சம்தான் அதிகம்.

அதற்கப்புறம் இரண்டு நாள் சிறுநீரில் சிவப்பு. அதை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். யாரும் சொல்லாதது ஒன்று உண்டு, கூச்சப்படாமல் எழுதிவிடுகிறேன்: விந்து ஒரு மாதத்துக்கு மேல் துருப்பிடித்த நிறத்தில் வரும். நான் அதைப் பார்த்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். டாக்டரிடம் கேட்கவும் வெட்கம். உள்ளே தேங்கிய பழைய ரத்தம்தான் அது, சிலருக்கு இன்னும் அதிக நாள்கூட இருக்கும். உங்கள் அப்பா மகளிடம் இதைக் கேட்கமாட்டார். தம்பியை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் குளிரும் காய்ச்சலும் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அது வேறு விஷயம். ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

எனக்கு வந்தது 12-ல் 2 துண்டு, 3+3=6. டாக்டர் சொன்னதை நான் நம்பவில்லை: "இப்போதைக்கு ஒன்றும் செய்யவேண்டாம், கண்காணிப்போம்." கேன்சர் என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யவேண்டாம் என்றால் யார் நம்புவார்கள்? என் மைத்துனர், "காசு வராத கேஸ் என்று தள்ளிவிடுகிறார்" என்றார். நீங்கள் சந்தேகப்பட்டதற்கு நேர் எதிர்! டெஸ்ட் எழுதினாலும் குற்றம், எழுதாவிட்டாலும் குற்றம். அந்த டாக்டர்கள் பாவம்தான்.

பிறகு பிரிட்டன் ஆய்வு ஒன்றைப் பற்றி என் டாக்டர் சொன்னார். புரோஸ்டேட்டுக்குள்ளேயே அடங்கியிருந்த கேன்சர் உள்ள 1,643 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு அறுவை, ஒரு பகுதிக்குக் கதிர்வீச்சு, ஒரு பகுதிக்குக் கண்காணிப்பு என்று வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 15 வருட முடிவு 2023-ல் வெளியானது. இந்த நோயால் இறந்தவர்கள் மூன்று பகுதியிலும் சேர்த்து 45 பேர், நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. மூன்று பகுதிகளுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். நோய் வேறு இடத்துக்குப் பரவியது கண்காணிப்புப் பகுதியில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு, மற்ற இரண்டிலும் ஐந்து பேருக்கு. அதனால் கண்காணிப்பு என்றால் மறந்துவிடுவது இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிஎஸ்ஏ, இடையிடையே எம்ஆர்ஐ, மறுபடி பயாப்ஸி. எனக்கு 2020-ல் எடுக்கவேண்டிய இரண்டாவது பயாப்ஸி கொரோனாவால் 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. அந்த ஐந்து மாதம் நான் வீட்டில் யாரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. அந்தத் தடவை விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் தோல் வழியாக எடுத்தார்கள், கிருமித் தொற்று பயம் அதில் குறைவு. இன்றுவரை 6-லேயே நிற்கிறது.

என்னுடையது 6, உங்கள் அப்பாவுடையது 7. அதனால் எனக்குச் செய்ததே அவருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 4 என்ற எண் அந்தத் தாளில் நுழைந்துவிட்டாலே பேச்சு கொஞ்சம் மாறும். ஆனால் இரண்டு நாளில் முடிவெடுக்கவேண்டிய நோய் இது இல்லை. அறுவை என்று முடிவானால்கூட, பயாப்ஸி புண் ஆறட்டும் என்று ஆறு எட்டு வாரம் காத்திருப்பதுதான் வழக்கம்.

மெழுகுக்கட்டி (ஞாயிற்றுக்கிழமை, காலை 11:15)

நான் சதைப் பரிசோதனை லேபில் பதினோரு வருடமாக டெக்னீசியன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் டாக்டர் நான் இல்லை, அவர் பார்க்கும் ஸ்லைடைத் தயார் செய்கிறவள். ஐயா எழுதாமல் விட்டதை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் அப்பாவிடமிருந்து வந்த 14 துண்டும் தையல் நூல் மாதிரி இருந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், அவ்வளவுதான். எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதிய குப்பிகளில் ஃபார்மலினில் மிதந்து வரும். அதை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் ஒட்டுவோம். சந்தேகமாக இருந்தால் டாக்டர் இன்னொரு விசேஷச் சாயம் கேட்பார். அதற்கு இரண்டு மூன்று நாள் கூடுதலாகும். ரிப்போர்ட் தாமதமானால் எல்லோரும் கெட்ட செய்தி என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் சாயம் ஏறக் காத்திருப்போம், அல்லது என்னை மாதிரி யாராவது லீவு போட்டிருப்போம்.

கிளீசன் என்பவர் மினியாபோலிஸில் இருந்த நோய்க்கூறு மருத்துவர். 1960-களில் அவர் செய்தது, செல்லைத் தனித்தனியாகப் பார்க்காமல், அவை சேர்ந்து அமைத்திருக்கும் உருவத்தைப் பார்த்தது. வளையல் கடைத் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 3 என்றால் வளையல்கள் சின்னதும் பெரியதுமாகக் கலைந்து கிடக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் தனி வளையம். 4 என்றால் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, சில இடத்தில் சல்லடை மாதிரி இருக்கும். 5 என்றால் வளையமே இல்லை, உடைந்த சில்லுகள். ஊசியில் எடுத்த சதையில் எந்த உருவம் அதிகமோ அது முதல் எண். மீதியில் இருப்பதில் மோசமானது இரண்டாவது எண். உங்கள் தாளில் 4 என்பது 15 சதவீதம் என்று எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் அந்தத் தாளிலேயே முக்கியமான வரி. 3+4 என்று ஒரே மாதிரி எழுதினாலும், 4 என்பது 15 சதவீதம் உள்ளவரும் 45 சதவீதம் உள்ளவரும் ஒன்று இல்லை. பல லேபில் இதை எழுதாமலே விடுவார்கள். உங்களுக்கு எழுதியவர் பொறுப்பானவர்.

நரம்பு விஷயம். புரோஸ்டேட்டுக்கு உள்ளேயே மயிரிழை மாதிரி நரம்புகள் ஓடுகின்றன. கேன்சர் செல் அந்த இழையைச் சுற்றிக்கொண்டு கிடந்தது என்பதுதான் பெரிநியூரல் இன்வேஷன். ஊசிச் சதையில் இதை அடிக்கடி பார்க்கிறோம். மூளைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, உடம்பில் பரவிவிட்டது என்றும் அர்த்தம் இல்லை. சிகிச்சை திட்டமிடும்போது டாக்டர் கணக்கில் வைத்துக்கொள்வார். வலது பக்கத்து 'பின்' கேன்சர் இல்லை. வளையலுக்கு உள்பக்கம் பூசியிருக்கும் செல்கள் மட்டும் மாறியிருக்கின்றன, வளையல் உடையவில்லை. பக்கத்திலேயே கேன்சர் என்று உறுதியான பிறகு அந்த வரி ஒரு பொருட்டே இல்லை.

ஒன்றே ஒன்று கேட்டு வாங்குங்கள்: ஸ்லைடும் மெழுகுக் கட்டியும். ரிப்போர்ட் தாளை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவது கருத்து கேட்பதில் பாதிப் பிரயோஜனம்தான். 3-க்கும் 4-க்கும் நடுவில் இரண்டு நல்ல டாக்டர்களே வேறுபடுவார்கள். புரோஸ்டேட்டை நிறையப் பார்த்த ஒருவர் அதே கண்ணாடியை மறுபடி பார்த்தால் நல்லது. எழுதிக் கொடுத்தால் லேபில் தருவார்கள். பஸ்ஸில் கொண்டுபோனால் கண்ணாடியைப் பஞ்சில் சுற்றிக்கொள்ளுங்கள், மெழுகை வெயிலில் வைக்காதீர்கள். காருக்குள் டேஷ்போர்டில் வைத்து உருக்கிக் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஈரோடு_அக்கா (ஞாயிற்றுக்கிழமை, மதியம் 3:30)

என் வீட்டுக்காரருக்கு 4+3. கதிர்வீச்சு கொடுத்தார்கள், கூடவே ஆறு மாதம் ஹார்மோன் ஊசி. ஊசி போட்ட காலத்தில் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்த்துக் கொட்டும். "எனக்கு வந்தபோது நீங்கள் சிரித்தீர்களே, இப்போது தெரிகிறதா" என்று நான் கேட்டேன். நாலு வருடமாகிறது, கடைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார். டாக்டரிடம் போகும்போது கேள்விகளை எழுதிக்கொண்டு போ கண்ணு. அங்கே போனால் ஒன்றும் ஞாபகம் வராது. சிறுநீர் கசிவு, தாம்பத்தியம் இரண்டையும் கட்டாயம் கேள். நீ கேட்க முடியாவிட்டால் வெளியே போய் நின்றுகொள், அப்பாவும் அம்மாவும் கேட்கட்டும்.

திருப்பூர்_மகள் (திங்கட்கிழமை, இரவு 9:10)

எல்லோருக்கும் நன்றி. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஐயா, பழைய எண் கிடைத்தது. மாத்திரைக்கு முன்னால் 5.2.

அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் டாக்டரிடம் போனேன். அவர் சொன்னார்: மாத்திரையால் பாதியாகி 2.6 வாக்கில் இருந்திருக்கவேண்டும், 4.3 என்பது இறங்கியது இல்லை, ஏறியது. அதனால்தான் எம்ஆர்ஐ. அப்போது அவரைச் சந்தேகப்பட்டதை நினைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எம்ஆர்ஐயில் கட்டி புரோஸ்டேட்டின் உறையைத் தாண்டவில்லை, இந்த அளவுக்கு எலும்பு ஸ்கேன் இப்போது வேண்டாம் என்றார். அறுவை, கதிர்வீச்சு, நெருக்கமான கண்காணிப்பு, மூன்றுமே அப்பாவுக்குத் திறந்திருக்கின்றன, ஸ்லைடை இன்னொருவர் பார்த்தபிறகு முடிவு செய்யலாம் என்றார். ஸ்லைடு கேட்டதற்குக் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். "நானே சொல்வதாக இருந்தேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மெழுகுக்கட்டி அக்கா, பஞ்சில் சுற்றித்தான் வைத்திருக்கிறேன்.

கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு என்று அம்மாவுக்கு நான் அரை மணி நேரம் விளக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "வண்டி எவ்வளவு வேகமா போகும்ங்கறது ஒண்ணு, இப்ப எந்த ஸ்டாப்புல நிக்குதுங்கறது ஒண்ணு. இதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்?" என்றார். இரண்டு நாளாக அவர் பேசியதே அதுதான்.

ஐயா, நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அந்தத் துரு நிறம் பற்றிய பத்தியை மட்டும் தம்பியிடம் கொடுத்துவிட்டு நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அப்புறம் அப்பா என்னிடம் வந்து, அந்த மதுரைக்காரரிடம் போனில் பேச முடியுமா என்று கேட்கிறார்.

முன்னாள்_போஸ்ட்மாஸ்டர் (திங்கட்கிழமை, இரவு 9:25)

நான் சந்தேகப்பட்டதும் அதேதான். தாராளமாகப் பேசச் சொல்லுங்கள் அம்மா. என் எண்ணை உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை தூங்குவேன், அந்த நேரம் மட்டும் வேண்டாம். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது கூப்பிடச் சொல்லுங்கள்.